கண் திறந்தால் உயிர் போகிறது: லேசருக்குக் கிளம்புவதா, களிம்போடு ஓட்டுவதா?

பெகு டீக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டு சத்தமில்லாமல் போகிறவன் நான். இன்றைக்குத்தான் எழுதுகிறேன். தமிழ் எழுதப் படித்தது கோவில் வகுப்பில் மட்டும்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 51. மியன்மாவில் பெகு என்ற ஊரில் சின்ன டீக்கடை. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து அடுப்பு மூட்டினால்தான் ஐந்து மணி பஸ்காரர்களுக்கு லபெயே என்ற பால் டீயும் பலாட்டா என்ற பரோட்டாவும் கொடுக்க முடியும். என் பிரச்சினையே அந்த மூன்றரை மணிதான்.

போன திருவிழாவுக்கு கோவிலில் தோரணம் கட்டும்போது தென்னங்கீற்றின் நுனி இடது கண்ணில் சுளீர் என்று அடித்துவிட்டது. ரத்தச் சிவப்பு, கண்ணீர், ஒரே எரிச்சல். மருந்து போட்டு நாலு நாளில் சரியாயிற்று. நானும் மறந்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து ஒரு நாள் மூன்றரைக்கு அலாரம் அடித்தது, கண்ணைத் திறந்தேன். பிளேடை உள்ளே வைத்து யாரோ இழுத்த மாதிரி ஒரு வலி. கத்திவிட்டேன். பிள்ளைகள் எழுந்து ஓடி வந்தார்கள். மத்தியானம் வரை அந்தக் கண்ணைத் திறக்க முடியவில்லை, செல்போன் வெளிச்சம்கூடக் குத்தியது. மறுநாள் ஒன்றுமே இல்லை.

முதலில் பார்த்தவர் உடம்புச் சூடு என்றார். அடுத்தவர் கண்நோய் என்று ஆன்டிபயாட்டிக் சொட்டு கொடுத்தார். மூன்றாவதாக ரங்கூனில் பார்த்த கண் டாக்டர்தான் கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்து, கருவிழியின் மேல்தோல் உரிந்திருக்கிறது, பழைய காயம் திரும்பத் திரும்பப் பிய்கிறது, இதற்கு ஆர்.சி.ஈ. என்று பெயர் என்றார். ராத்திரிக்குக் களிம்பு கொடுத்தார். நிற்காவிட்டால் வெளிநாடு போய் லேசர் செய்துகொள்ளலாம் என்றார்.

ஏழு மாதத்தில் ஒன்பது தடவை வந்துவிட்டது. இப்போது படுக்கவே பயமாக இருக்கிறது. மனைவி போய்விட்டு வாருங்கள் என்கிறாள். சென்னையில் இருக்கும் தம்பி, "டிக்கெட் போடட்டுமா அண்ணே" என்று வாரம் ஒருமுறை கேட்கிறான். கடையை யார் பார்ப்பது, லேசர் செய்தும் நிற்காவிட்டால் என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தட்டோன் டீச்சர்:

தம்பி, உங்கள் எழுத்தைப் படிக்கும்போதே என் வலது கண் கூசியது. எனக்கும் இதேதான். என்னைக் கீறியது பேரன் நகம். மூன்று வருடத்துக்கு முன்னால், மடியில் வைத்திருந்தபோது. ஆறு மாதக் குழந்தையின் நகம் எவ்வளவு கூர்மை என்று அன்றைக்குத் தெரிந்தது.

நான் ஆபரேஷன் எதுவும் செய்துகொள்ளவில்லை. ஒரு வருடம் முழுக்க ராத்திரி தவறாமல் களிம்பு போட்டேன், பகலில் சொட்டு மருந்து. இப்போது ஒன்றரை வருடமாக ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் களிம்பை எத்தனை நாள் போட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். நானும் முதலில் ஏமாற்றியவள்தான். வலி போனதும் நிறுத்திவிடுவேன். மூன்று வாரம், நாலு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் ஒரு காலையில் பழைய கதை. "களிம்பு வேலை செய்யவில்லை" என்று டாக்டரிடம் போய் நிற்பேன். அவர் டியூபைக் கொண்டு வரச் சொன்னார். பாதி டியூப் அப்படியே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. முப்பது வருடம் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைத் திட்டியவள் நான்.

இன்னொன்று, எழுந்திருக்கும் விதம். அலாரம் அடித்தவுடன் படக்கென்று கண்ணைத் திறக்கிறீர்களா? அதை விடுங்கள். மூடிய இமைக்குள்ளேயே விழியை மெதுவாக இடம் வலமாக உருட்டுங்கள். தலைமாட்டில் சொட்டு மருந்து இருக்கட்டும். மூக்கோரத்து மூலையில் ஒரு சொட்டு விட்டு, அது உள்ளே இறங்கும்வரை பொறுத்து, அப்புறம் மெல்லத் திறங்கள். எனக்குப் பாதி வலியைக் குறைத்தது இதுதான்.

பழைய ரங்கூன்:

நந்தியாவட்டைப் பூவை மறந்துவிட்டார்களே எல்லாரும்! எங்கள் அம்மா அதைப் பிழிந்து கண்ணில் விடுவார்கள். கண்வலி வந்தால் தாய்ப்பாலும் விடுவார்கள். 78 வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன். லேசர், கீசர் என்று காசைக் கொட்டாதீர்கள் தம்பி.

கண்ணாடிக் கடைத் தம்பி:

தாத்தா, கோபிக்காதீர்கள். நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் குளிர்ச்சிக்கு வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பிழிந்து உள்ளே விடுவதுதான் ஆபத்து. இந்த அண்ணன் கண்ணில் தோலே உரிந்திருக்கிறது. வாசலில் கதவில்லாத வீடு அது, எது வந்தாலும் நேரே உள்ளே போகும். தாய்ப்பாலும் அப்படித்தான், கிருமி இல்லாத மருந்து அல்ல அது. நம் ஊர் மாதிரி சூடும் ஈரமும் உள்ள இடங்களில் இலை, நெல்தாள், கீற்று அடித்த காயத்தில் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்து பார்வையையே தின்றுவிடும்.

நான் ரங்கூனில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் கண் ஆஸ்பத்திரியில் உதவியாளன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெகு அண்ணே, உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். பலாட்டாக் கல்லில் எண்ணெய் போதாமல் மாவைப் போட்டால் என்ன ஆகும்? அடியில் பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போது கிழியும். உங்கள் இமைதான் கல், கருவிழியின் மேல்தோல்தான் மாவு.

கருவிழியின் நடுவில் தடிப்பு சுமார் அரை மில்லிமீட்டர். அதில் மேல்தோல் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. காயம் பட்டால் இந்தத் தோல் நாலைந்து நாளில் வளர்ந்து மூடிவிடும். அதனால்தான் உங்களுக்கு நாலு நாளில் சரியான மாதிரி இருந்தது. ஆனால் தோல் மூடுவது வேறு, அடியில் ஒட்டுவது வேறு. தோலை அடித்தளத்தோடு பிடித்து வைத்திருக்கும் நுண்ணிய கொக்கிகள் திரும்ப முளைத்து இறுக இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். ஈரச் சுவரில் ஒட்டிய காலண்டர் மாதிரி, பார்க்க ஒட்டியிருக்கும், மூலையைத் தொட்டால் வந்துவிடும்.

தூங்கும்போது கண்ணீர் சுரப்பது குறைகிறது. மூடிய இமைக்குள் காற்றும் குறைவு, தோல் கொஞ்சம் ஊறிப் பருக்கிறது. அதனால்தான் விடியற்காலையில் இமையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது, ஆனால் நரம்பு முனைகள் உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவு நெருக்கமாக இருக்கின்றன. நீங்கள் கத்தியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது களிம்புக்கு வருகிறேன். இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் எண்ணெய்ப்பசை, கல்லில் தடவும் எண்ணெய். இன்னொன்று 5 சதவீத உப்புக் களிம்பு, அது ஊறிய தோலிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். இரண்டுமே கண்ணுக்கென்று தயாரித்த டியூபாக இருக்க வேண்டும். டப்பா வாஸ்லினைத் தடவுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். எதுவானாலும் கடைசியாக உரிந்த நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம், பல டாக்டர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்பார்கள். நடுவில் ஒருமுறை உரிந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் குறை.

அப்புறம், ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு விட்டதும் வலி மாயமாகப் போயிருக்குமே, அந்த மரப்பு மருந்தை வீட்டுக்குக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதைத் தொடர்ந்து விட்டால் தோல் வளராது, கருவிழியே கரையும். சீட்டில்லாமல் விற்கும் ஸ்டீராய்டு சொட்டும் அப்படித்தான். சிவப்பு உடனே போகும், அதற்குப் பதிலாகப் பூஞ்சை வரலாம், கண் அழுத்தம் ஏறலாம்.

பெகு டீக்கடை:

டீச்சர் அக்கா, பிடித்துவிட்டீர்கள். கூடிப்போனால் இரண்டு வாரம் போட்டிருப்பேன். போட்டால் காலையில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, கொதிக்கிற தண்ணீரை இருட்டில் ஊற்றுகிறவனுக்கு அது சரிப்படவில்லை. வலி இல்லாத நாளில் எதற்கு என்று விட்டுவிடுவேன். களிம்பு வாங்கியதற்கு அப்புறம் வந்ததெல்லாம் அதை விட்ட பிறகுதான் வந்திருக்கிறது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் தெரிகிறது.

ஆனாலும் கேட்கிறேன். ஒரு வருடம் இப்படிப் பயந்துகொண்டே படுப்பதைவிட லேசர் ஒரேயடியாக முடித்துவிடாதா?

26ஆம் தெரு:

அண்ணே, லேசர் செய்துகொண்டவள் நான். 2019இல் சென்னையில். கொரோனாவில் விமானம் நிற்பதற்கு முந்திய வருடம் என்பதால் தப்பித்தேன், இல்லாவிட்டால் இன்றைக்கும் அந்த வலியோடு இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

என் கதை உங்கள் கதை இல்லை. எனக்குக் காயமே படவில்லை. கருவிழி மேல்தோலின் அடிச்சவ்வு சரியாக அமையவில்லை, இரண்டு கண்ணிலும். டாக்டர் படம் காட்டினார், வரைபடம் மாதிரி கோடு, புள்ளி, கைரேகை மாதிரி வளைவு. ஒரு வருடத்துக்கு மேல் களிம்பு, சொட்டு, காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி கண்ணில் வைக்கும் கட்டு லென்ஸ், டாக்ஸிசைக்ளின் மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. அந்த மாத்திரை கிருமிக்காகக் கொடுத்தது இல்லையாம், தோலின் பிடிப்பை அரிக்கும் ஒரு நொதியை அடக்குவதற்காம். அதெல்லாம் ஒழுங்காகச் செய்தும் பத்து நாளைக்கு ஒருமுறை உரிந்தது. பார்வையும் நடுவில் அலைபாய ஆரம்பித்தது. அப்புறம்தான் போனேன்.

செய்வது சின்ன வேலை. மரப்புச் சொட்டு விட்டார்கள், ஊசி இல்லை. தளர்ந்திருந்த தோலை முழுக்கச் சுரண்டி எடுத்தார்கள். வலி இல்லை, ஆனால் சுரண்டுவது தெரியும், அதுதான் என் வயிற்றைப் புரட்டியது. அப்புறம் ஒரு பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். டிக் டிக் என்று சத்தம், முடி கருகுகிற மாதிரி வாசனை. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கண்ணாடி போடாமலிருக்கச் செய்கிறார்களே, அதே எக்ஸைமர் லேசர்தான். இதற்கு பி.டி.கே. என்று பெயர். எடுத்தது ஐந்திலிருந்து பத்து மைக்ரான், முடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அடித்தளத்தைத் தேய்த்துச் சீராக்கி, புதுத் தோல் நன்றாகப் பிடிக்க வழி செய்வதுதான் நோக்கம்.

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து மூன்று நாள் நரகம். அவ்வளவு நாள் சின்னதாக உரிந்த இடம், இப்போது மொத்தமாக உரிந்திருக்கிறது அல்லவா! கட்டு லென்ஸ் போட்டிருந்தும் இருட்டறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அக்கா வீட்டில் ரசம் சாதம் ஊட்டினார்கள். பார்வை தெளியச் சில வாரம் ஆயிற்று. இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்யவில்லை, இரண்டு மாதம் விட்டுத்தான் அடுத்தது.

அதற்குப் பிறகும் ராத்திரிக் களிம்பை நிறுத்த விடவில்லை, ஆறு மாதம் போட்டேன். அண்ணே, இதைக் கவனியுங்கள். லேசர் களிம்புக்கு மாற்று இல்லை. களிம்பு போடச் சோம்பல்பட்டு லேசருக்குப் போனால் திரும்பி வந்தும் களிம்புதான். எனக்கு வலது கண் அதற்குப் பிறகு உரியவே இல்லை. இடது கண் ஒருமுறை லேசாக உரிந்தது, பிறகு இல்லை.

போனதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் முதல் வருடத்திலேயே போயிருந்தால் வருந்தியிருப்பேனோ என்னவோ.

மோல்மேன் படகுத்துறை:

கொஞ்சம் விலகிப் பேசுகிறேன். எல்லாக் கண்வலிக்கும் பொறுமை சரிப்படாது. என் அப்பத்தா மிட்டிலா பக்கம் வாழ்ந்தவர். அந்த வறண்ட நிலத் தூசியும் ஈயும் கொடுத்த டிரக்கோமா என்ற தொற்று நோயில், இமையின் உள்பக்கம் தழும்பாகி, இமைமுடி உள்ளே திரும்பி விழியைக் குத்திக்கொண்டே இருந்தது. இடுப்பு மடிப்பில் முடிபிடுங்கி என்று ஒரு சின்ன இடுக்கி எப்போதும் இருக்கும். நான் சின்னப் பையன், கண் நன்றாகத் தெரியும் என்பதால் பிடுங்குகிற வேலை எனக்கு. சில வாரத்தில் முளைத்துவிடும், மறுபடி பிடுங்குவேன். ஆபரேஷன் என்றாலே அழுவார். கடைசியில் கருவிழி வெளுத்து ஒரு கண் போய்விட்டது. இமையைத் திருப்பித் தைக்கிற அந்த ஆபரேஷன் கால்மணி நேர வேலை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

2020இல் மியன்மாவில் டிரக்கோமா ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. செய்தியைப் பார்த்தபோது அப்பத்தாவின் முடிபிடுங்கிதான் ஞாபகம் வந்தது.

தள்ளிப்போட்டால் கெடுவது எது, கெடாதது எது என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள் அண்ணே.

கண்ணாடிக் கடைத் தம்பி:

மோல்மேன் அண்ணன் சொன்னது சரியான கேள்வி. இமைமுடி குத்துவதில் ஒவ்வொரு நாளும் கருவிழி தேய்கிறது, காத்திருந்தால் நஷ்டம். ஆர்.சி.ஈ.யில் காத்திருப்பதால் பெரும்பாலும் கருவிழி கெடுவதில்லை, தூக்கமும் நிம்மதியும்தான் கெடுகிறது. அதற்காக அது சின்ன நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவசரம் இல்லை. அவசரம் எப்போது? வலி ஒரு நாளைக்கு மேல் குறையாமல் நின்றால், கருவிழியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், சீழ் வந்தால், பார்வை மங்கிக்கொண்டே போனால். அன்றைக்கே போக வேண்டும், கடையை மூடிவிட்டு. கட்டு லென்ஸ் போட்டிருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், லென்ஸுக்கு அடியில் கிருமி தங்கினால் வெளியே தெரியாது.

லேசர் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. தளர்ந்த தோலை எடுத்துவிட்டு வைரத்தூள் பதித்த சின்னச் சுழலியால் அடித்தளத்தைத் தேய்ப்பார்கள், அதற்கு லேசர் எந்திரமே வேண்டாம். காயம்பட்ட இடம் பார்வை நடுவை விட்டு விலகி இருந்தால், ஊசி நுனியால் நெருக்கமாகப் புள்ளி குத்தி விடுவதும் உண்டு. குத்திய இடம் ஒவ்வொன்றும் சின்னத் தழும்பாகித் தோலைப் பிடித்துக்கொள்ளும். தழும்பு என்பதால் நடுவில் குத்த மாட்டார்கள். ஆகவே உங்கள் காயம் கருவிழியில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சென்னை டிக்கெட்டைவிட அந்த ஒரு வரி முக்கியம்.

சர்க்கரை பார்த்தீர்களா? சர்க்கரை இருந்தால் இந்தத் தோல் ஒட்டச் சுணங்கும். இமையோர எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருந்தாலும் அப்படியே. வெந்நீரில் நனைத்த துணி ஒத்தடம், ஒரு காசு செலவில்லை.

கடைசியாக ஒன்று. ராத்திரி நீங்கள் தூங்கியபிறகு அண்ணியை டார்ச் எடுத்துக்கொண்டு உங்கள் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். இமை முழுக்க மூடுகிறதா என்று பார்க்கத்தான்.

பழைய ரங்கூன்:

மூடிய இமைமேல் வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டாயே, அது போதும் எனக்கு.

பெகு டீக்கடை:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். தம்பி, நான் சிரித்தேன், மனைவி சிரிக்கவில்லை. முந்தாநாள் ராத்திரி பார்த்திருக்கிறாள். வலது கண் மூடியிருந்ததாம். இடது கண் அடியில் ஒரு நெல்மணி அகலத்துக்குத் திறந்தே கிடந்ததாம், வெள்ளை விழி தெரிந்ததாம். "பேயைப் பார்த்த மாதிரி இருந்தது, இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தும் எனக்குத் தெரியவில்லையே" என்று அவளுக்கு ஒரே வருத்தம்.

இன்னொன்றும் சொன்னாள். ராத்திரி மின்சாரம் போகும்போது கைவிசிறியோடு படுப்போம். பன்னிரண்டு மணியோ இரண்டு மணியோ, திரும்ப வந்ததும் தெருவே "மீ லாப்பீ", கரண்ட் வந்துவிட்டது என்று கத்தும். மேஜை விசிறி தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். அது என் இடது பக்கம்தான் இருக்கிறது. நேரே முகத்தில். அதாவது பாதி ராத்திரியிலிருந்து மூன்றரை வரை திறந்த கண்ணில் காற்று. களிம்பு இருந்தால்கூட எதிர்த்து நிற்காது போல.

விசிறியைக் கால்மாட்டுக்கு மாற்றியாயிற்று. தம்பி சொன்னதுபோல் டாக்டரிடம் கேட்டேன். களிம்பு போட்டபின் மெல்லிய காகித டேப்பால் இமையை மூடி ஒட்டச் சொன்னார், ஒட்டுவதற்கு முன்னால் கண் மூடியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டுமாம், இல்லாவிட்டால் டேப்பே கருவிழியை உரசும். அதனால் அந்த வேலை மனைவிக்கு. சின்னப் பெண் அதைப் பார்த்து, அப்பாவுக்குப் பார்சல் கட்டுகிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

சர்க்கரை இல்லை. காயம் கருவிழியின் கீழே, வெளிப்பக்கமாக, நடுவை விட்டு நன்றாக விலகி. எழுதியே வாங்கிவிட்டேன்.

26ஆம் தெரு:

அப்படியானால் என் வழிக்கு உடனே வராதீர்கள் அண்ணே. நடுவை விட்டு விலகி இருக்கிறது என்றால், தேவைப்பட்டாலும் ஊசிக் குத்தலே போதுமா என்று கேளுங்கள். ஒன்று கேட்கட்டுமா? காலையில் மங்கலாகத் தெரிகிறது என்றீர்களே, எழுந்ததும் களிம்பைச் சுத்தமான ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு இரண்டு விட்டால் கால்மணியில் தெளிந்துவிடும். கொதிக்கிற கெட்டிலை அதுவரை பையன் தூக்கட்டும்.

தட்டோன் டீச்சர்:

ஒரு நோட்டு போடுங்கள் தம்பி. தேதி, களிம்பு போட்டேனா, காலையில் எப்படி. மூன்றே கட்டம். ஏமாற்ற முடியாது.

பெகு டீக்கடை:

ஐந்து மாதம் ஆயிற்று. பாதியில் விட்டுப் போனவன் என்று நினைத்திருப்பீர்கள்.

நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன். மொத்தம் 151 ராத்திரி, களிம்பு போடாதது ஆறு. உரிந்தது இரண்டு தடவை. முதல் தடவை இரண்டாவது வாரத்திலேயே. அன்றைக்கு உங்கள் எல்லார் மேலும் கோபம் வந்தது, தம்பிக்கு ஃபோன் போட்டு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். மனைவிதான் நோட்டைக் காட்டி, "பதிமூன்று நாள்தானே ஆகிறது, மூன்று மாதம் என்றுதானே சொன்னார்கள்" என்றாள். தம்பி டிக்கெட்டை ரத்து செய்ததில் கொஞ்சம் காசு போயிற்று, அவன் அதை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது தடவை, கிராமத்தில் ஒரு சாவு. அவசரத்தில் களிம்பை எடுத்துப் போகவில்லை. மூன்று ராத்திரி வெறுங்கண்ணோடு, கூடத்தில் விசிறிக்கு அடியில், இருபது பேரோடு. நாலாவது நாள் காலையில் நானே எதிர்பார்த்துத்தான் கண்ணைத் திறந்தேன். விழியை உருட்டினேன், மெதுவாகத்தான் திறந்தேன், ஆனாலும் பிய்ந்தது. சின்னதுதான், பத்து மணிக்கு அடங்கிவிட்டது. அதற்கப்புறம் 67 நாளாக ஒன்றும் இல்லை.

ரங்கூன் டாக்டரிடம் போன வாரம் போனேன். உரிந்த இடம் சாயத்தில் கறை பிடிக்கவில்லை, ஆனால் அந்த மூலை இன்னும் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கிறது என்றார். களிம்பு ஒழுங்காகப் போட்டும் இன்னொருமுறை பெரிதாக உரிந்தால் ரங்கூனிலேயே ஊசியால் குத்திவிடலாம், வெளிநாடு வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்கு நான் சரி சொல்லிவிட்டேன், பயம் இல்லாமல். ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு என் முறை வந்திருக்கிறதா என்று இப்போதுதான் தெரிகிற இடத்துக்கு வந்திருக்கிறேன்.

இப்போதைய தலைவலி வேறு. 5 சதவீத உப்புக் களிம்பு இங்கே ஒரு மாதம் கிடைக்கிறது, ஒரு மாதம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் போன தடவை வாங்கியது காலாவதியாக மூன்று வாரம்தான் இருந்தது. சித்திரைக்கு முன்னால் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ யாராவது வருகிறீர்களா? டாக்டர் சீட்டைப் படம் பிடித்து அனுப்புகிறேன். நாலு டியூப் போதும். தேதி பார்த்து வாங்குங்கள், திறந்த டியூபை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாதாம். பெகு வழியாகப் போனால் கடையில் டீ என் கணக்கு.

மோல்மேன் படகுத்துறை:

மச்சான் 12ஆம் தேதி வருகிறான். சீட்டை அனுப்புங்கள் அண்ணே. டீயோடு பலாட்டாவும் உண்டா?

பெகு டீக்கடை:

முட்டை போட்டே தருகிறேன்.